நரம்பில் நிற்கும் குதிரை

மூன்று காலில் நின்றுகொண்டிருக்கிறது, வெள்ளைத் தோலின் நடுவில், பசையும் இல்லை ஆணியும் இல்லை, மேலே போகிற நரம்புகள் அழுத்துகிற அழுத்தத்தால் மட்டும் நிற்கிற ஒரு மரத்துண்டு, என் ஆள்காட்டி விரல் நீளம், அவ்வளவுதான், வீணையில் இதற்குக் குதிரை என்று பெயர், அதனால் பேஞ்சோவில் இருப்பதையும் நாங்கள் குதிரை என்றே சொல்லிக்கொண்டோம், ஐந்து நரம்பில் நான்கைத் தளர்த்திவிட்டேன், ஒன்றுதான் மிச்சம், அதையும் தளர்த்தினால் விழுந்துவிடும், அதனால் முறுக்காணியில் கையை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறேன், அவசரம் ஒன்றும் இல்லை, பார்சல்காரர் நாலு மணிக்குத்தான் வருவார், சுவர்க் கடிகாரத்தில் இப்போது இரண்டரை, வெளியே யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போகிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அவிழ்க்கக் கூடாது என்பது அவர் சட்டம், அவர் என்றால் என் வீட்டுக்காரர், அருளப்பன், ரயில்வே பட்டறையில் பாய்லர் ஷாப்பில் இருந்தவர், ஒரு நரம்பைக் கழற்று, புதியதைப் போடு, சுருதி ஏற்று, பிறகுதான் அடுத்ததைத் தொடு, அப்படிச் செய்தால் குதிரை நின்ற இடத்திலேயே நிற்கும், ஒரு நூல் நகர்ந்தாலும் மேல் ஸ்வரங்கள் எல்லாம் கோணிக்கொள்ளும், எத்தனை வருஷம் இதைச் சொல்லியிருப்பார், எனக்கு மட்டுமா, நரம்பே மாற்றத் தெரியாத விருந்தாளிகளுக்கும் சொல்லுவார், அந்தச் சட்டத்தை அவரே மீறி ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து நான் பின்பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், ஏதோ கேட்க உள்ளே வந்தால் ஐந்து நரம்பும் அவிழ்ந்து கிடக்கிறது, பேஞ்சோ மடியில் மொட்டையாக இருக்கிறது, என்னங்க இது என்றேன், தோலுக்குப் பவுடர் தேய்க்கணும், ஈரம் குடிச்சிருக்கு என்றார், சரி என்று மீனுக்குப் போய்விட்டேன், என் கையில் செதில், அவர் கையில் பவுடர் டப்பா, அது திறக்கவே இல்லை என்பது எனக்கு ஏன் இன்னும் ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை.

இப்போது எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொன்னது ஷெர்லி, ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து போனில், ஆன்ட்டி, நீ எல்லா ஸ்டிரிங்கையும் லூஸ் பண்ணிடு, ப்ளேன்ல மேல போனா குளுர்ல இழுத்துப் புடிச்சு கழுத்து ஒடஞ்சுடும் என்றாள், அவளுக்கும் அறுபத்தைந்து ஆகிறது, ரயில்வே காலனியை விட்டுப் போகும்போது பதினாலு, அந்தப் பதினாலு வயசுத் தமிழ் அப்படியே ஆணியில் மாட்டிவைத்த சட்டை மாதிரி இருக்கிறது, பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் நீதான், என்னை நீ என்று கூப்பிட இந்தப் பூமியில் மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான், பேஞ்சோ அவளுடைய அப்பாவுடையது, மெயில் டிரைவர் ரெபேரோ, கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் கொண்டுவந்து எங்கள் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, அருள், நாங்க கேக்கற வரைக்கும் இதை நீ வாசிச்சிட்டே இரு, சும்மா வெச்சா செத்துப்போகும் என்றார், கேட்கவே இல்லை, அவர் போய்ச் சேர்ந்தார், இவர் போய்ச் சேர்ந்தார், இப்போது ஷெர்லிக்கு முழங்கால் ஆபரேஷன், ஆடப் பாட முடியவில்லை, உட்கார்ந்து எதையாவது வாசிக்கலாம் என்று தோன்றியிருக்கிறது, கேட்டாள், தருகிறேன் என்றேன், அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

பேஞ்சோ என்றதும் கச்சேரிகளில் பொத்தானை அமுக்கி வாசிக்கும் அந்தப் பெட்டியை நினைத்துக்கொள்வார்கள், இது அது இல்லை, சல்லடை மாதிரி ஒரு வளையம், அதில் கன்றுக்குட்டித் தோலை இழுத்துக் கட்டி, நீளமாக ஒரு கழுத்து, நான்கு நரம்பு முழு நீளம், ஐந்தாவது மட்டும் கழுத்தின் பாதியில் ஏறிக்கொள்ளும், வெறும் விரல் நுனியால் வாசிக்க வேண்டும், நகம் கூடாது, விரலில் தகரம் மாட்டக் கூடாது, கம்பி கூடவே கூடாது, ஆட்டுக்குடல் நரம்புதான், இந்தக் கழுத்து அதற்காகச் செய்தது என்பார் ரெபேரோ, அந்த வாசிப்பில் ஒலி நீளாது, புளியங்கொட்டையை ஓட்டின் மேல் போட்ட மாதிரி விழும், துள்ளும், போய்விடும், அடுத்தது விழும், ரயில்வே இன்ஸ்டிடியூட் ஹாலில் ரெபேரோவும் இவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றி மாற்றி வாசித்த காலத்தில் ஒரு கூரை முழுக்கப் புளியங்கொட்டை, ஆனால் நம் ஊர் ஈரத்துக்கு ஆட்டு நரம்பு தாங்காது, ஐப்பசி பிறந்தால் அலமாரிக்குள்ளேயே பட்டென்று அறுந்து கிடக்கும், ரெபேரோ விட்டுப்போன கட்டு தீர்ந்தது, டென்னிஸ் மட்டைக்குக் கட்டுகிற நரம்பைப் பிரித்துப் போட்டோம், அது முரடு, கடைசியில் நைலான், அதற்காகக் கொள்ளிடக் கரையில் தூண்டில் சாமான் விற்கிற கடைக்கு நான்தான் போவேன்.

நரம்பு பொறுக்குவது என் வேலை, அது எப்படி என் வேலை ஆயிற்று என்றால் காது, நான் ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தேன், காதில் கருவியை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம், எந்த ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஜலதோஷம், யார் வீட்டுக்காரியோடு சண்டை போட்டுவிட்டு டியூட்டிக்கு வந்திருக்கிறார் என்று ஹலோவிலேயே சொல்லிவிடுவேன், உனக்குக் காது இருக்கு, நீயே பொறுக்கு என்று விட்டுவிட்டார், பொறுக்குவதில் ஒரு முறை உண்டு, ஒரு முழம் எடுத்து இரண்டு கைக்கும் நடுவில் இழுத்துப் பிடித்து, பெருவிரலால் தட்டிவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பார்க்க வேண்டும், நல்ல நரம்பு என்றால் ஆடும்போது இரண்டு கோடாகத் தெரியும், சுத்தமாக, இரண்டே இரண்டு, உள்ளே எங்கேயாவது பருமன் மாறியிருந்தால் மூன்றாவதாக ஒரு கோடு நடுங்கும், அது பொய் நரம்பு, எத்தனை முறுக்கினாலும் சுருதிக்கு வராது, கடையில் நான் ஒவ்வொரு சுருளாக இழுத்துத் தட்டிப் பார்ப்பதைப் பார்த்துக் கடைக்காரர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டார், என்ன மீனுக்கும்மா என்று, மீனுக்கு இல்லங்க, பாட்டுக்கு என்றேன், பாட்டுக்கு எந்த மீனும்மா வருது, எனக்கும் சொல்லுங்க என்றார், பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், மூன்று சுருளைத் தள்ளிவிட்டு நான்காவதை வாங்கினேன், பஸ்ஸில் வரும்போது அது என் மடியில் வெளிச்சத்தைச் சுருட்டி வைத்த மாதிரி இருந்தது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அவர் முதல் தடவையாகச் சொன்னார், மேல் நரம்பு மந்தமா இருக்கே என்று, தோல் தொய்ந்திருக்கும் என்றேன், தோலை இறுக்கினார், மந்தம்தான், நரம்பை மாற்றினோம், மந்தம்தான், அப்படியென்றால் குதிரை கனமாக இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார், அதில் நியாயம் இருக்கிறது, கனமான குதிரை சத்தத்தை மென்று விழுங்கும், மெலிந்த குதிரை அப்படியே தோலுக்குத் தள்ளிவிடும், ரெபேரோ தந்த குதிரை முன்னமே கால் ஒடிந்து போயிருந்தது, அப்போது இருந்தது இன்னாசி செய்த குதிரை, இன்னாசி பட்டறையில் இரும்பு வார்க்க மர அச்சு செய்கிறவர், இவரோடு சிநேகம், இன்ஸ்டிடியூட்டில் உடைந்துபோன பில்லியர்ட்ஸ் கோலின் அடிக்கட்டையை அறுத்து அதைச் செய்தார், வெளுப்பு மரம், ஒரு காலின் பக்கத்தில் மச்சம் மாதிரிக் கறுப்பாக ஒரு புள்ளி, அச்சு ஷாப்பில் நம்பர் இல்லாமல் ஒரு துண்டும் வெளியே வராது, இன்னாசி காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டு நடுக்காலின் அடியில் ஒன்று என்று ஊதாவாக ஒரு கோடு இழுத்துத்தான் கொடுத்தார், ஏங்கண்ணே, இதையும் ரிஜிஸ்டர்ல ஏத்திடவா என்றார், இனி அதற்கு அடுத்தது இரண்டு.

இரண்டு, பலா மரம், இனிமையாகத்தான் இருந்தது, ஆனால் வீணை மாதிரி இழுத்தது, மூன்று, ஈட்டி, நான்கு, மூங்கில், கத்தியது, ஒரு வாரத்தில் பிளந்தது, ஐந்தாவதின் தலையில் எலும்பு வைத்தோம், எனக்குப் பல் கூசியது, அவர் தலையை ஆட்டினார், மந்தம் என்றார், ஒவ்வொன்றும் போனதைவிட மெலிசு, மாற்றும்போதுகூட நரம்புகளைக் கொஞ்சம் தளர்த்தி அடியில் செருகுவார், அவிழ்க்க மாட்டார், கழித்தவை எல்லாம் பிஸ்கட் டின்னில், நான் அந்த டின்னை ஆட்டினால் சின்னச் சின்னக் குதிரைகள் ஓடுகிற சத்தம், பத்தாவதை வாங்கப் போனபோது இன்னாசி அதை உள்ளங்கையில் வைத்து ஊதிக் காட்டினார், அண்ணி, இதுக்கு மேல எழைச்சா மூக்குப்பொடியாத்தான் தர முடியும், அண்ணன்கிட்ட சொல்லுங்க என்றார், சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை, என் முகத்தையே பார்த்தார், எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும், ஒருவேளை தெரிந்துதான் இருந்ததோ என்னவோ.

கொசு, முதலில் கொசுதான், காதோரம் வந்து ரீங்கரிக்கும்போது நான் கையை வீசுகிறேன், அவர் கன்னத்தில் உட்கார்ந்து கடித்த பிறகுதான் அடிக்கிறார், பிறகு குக்கர், அடுப்படிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், ஐந்து விசில் போய்ச் சாதம் களியாகிவிட்டது, ஏங்க அணைக்கக் கூடாதா என்றால் எத்தனை வந்துச்சு என்று கேட்கிறார், குருவி எங்கே போயிற்று, முன்னெல்லாம் காலையில் கத்துமே என்கிறார், குருவி ஜன்னலில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறது, எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு இது பாடம், லைன் கெடும்போது முதலில் போவது மேல் சத்தம், ஸகரம் போகும், சகரம் போகும், பேச்சு வரும், பேச்சின் விளிம்பு வராது, இருபத்திரண்டு வருஷம் பாய்லருக்குள் உட்கார்ந்து ரிவிட் அடித்த காதுக்கு மேல் சத்தம் போய்விட்டது, மற்ற எல்லாம் கேட்டது, ரயில் கேட்டது, நான் கூப்பிட்டால் கேட்டது, மேல் நரம்பு மட்டும் அவருக்குப் புளியங்கொட்டையாக இல்லை, ஈரத் துணியாக விழுந்தது, குதிரைக்கு ஒன்றும் இல்லை, நரம்புக்கும் இல்லை.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம், இன்னாசி கேட்டார், சொல்ல முடியாது, ஏனென்றால் எங்களுக்குக் கலியாணம் ஆன புதிதில் கோயில் பாடற்குழுவில் அவர் பாடிக்கொண்டிருந்தார், குழுவின் தலைவர் ஒரு பாஸ்கா ஒத்திகையில் எல்லார் முன்னாலும் இல்லை, தனியாக, தோளில் கை போட்டு, அன்பாகத்தான் சொன்னார், அருளப்பா, சுருதி கொஞ்சம் வெலகுது, பாத்துக்க என்று, அதற்குப் பிறகு அந்த மனிதர் கோயிலில் வாயைத் திறக்கவே இல்லை, பெஞ்சில் என் பக்கத்தில் நிற்பார், பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்திருப்பார், பக்கமும் புரட்டுவார், உதடு அசையாது, கோபம் இல்லை, வருத்தம் என்று காட்டிக்கொண்டதும் இல்லை, மூடிவிட்டார், அவ்வளவுதான், இதுவும் அப்படித்தான் மூடும், பட்டறையிலிருந்து வந்து கை கழுவியதும் அவர் எடுப்பது அதைத்தான், அதில்லாமல் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒருவரை என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது, நன்றாகவே முடிந்தது, அதனால்தான் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை கடைவீதியிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வருகிறார், மாண்டலின் கம்பி, எஃகு, சனிக்கிழமை இன்ஸ்டிடியூட் ஆண்டு விழா, இவர் தனியாக வாசிக்க வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறேன் என்று மேல் நரம்பைக் கழற்றிக் கம்பியைப் போட்டு மீட்டினார், எனக்குத் தட்டில் ஆணியால் கீறின மாதிரி இருந்தது, அவர் முகம் மலர்ந்தது, எவ்வளவு நாள் ஆயிற்று அந்த முகத்தைப் பார்த்து, இதான், கேட்டியா, இதான் சத்தம், இத்தனை நாளா எங்க போச்சு இது என்றார், மறுபடி மீட்டினார், மறுபடி, நான் கேட்டேன், ரெபேரோ கம்பி கூடாதுன்னாரே, கழுத்து வளைஞ்சிடும்னு, அவருக்கென்ன, அவரு அங்க கங்காருவுக்கு வாசிச்சிட்டு இருக்காரு, வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சு வந்து அஞ்சையும் மாத்திடறேன் என்றார், அவர் கை கழுவப் போனபோது நான் பேஞ்சோவைத் தூக்கித் துப்பாக்கி மாதிரிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், ஒரு கம்பிதான், ஒரு மணி நேரம்தான், கழுத்து ஒரு மயிரிழை முன்னால் குனிந்திருந்தது, ஐந்து கம்பி போட்டால் சனிக்கிழமை வாசிப்பார், அடுத்த மாதம் அது பேஞ்சோவாக இருக்காது, வளைந்த மரத்தை நிமிர்த்த யாராலும் முடியாது, இன்னாசியாலும், அப்படி வளைந்த பிறகு அவர் என்ன செய்வார், பெட்டியில் வைத்து மூடுவார், ஆக, சொன்னாலும் மூடும், சொல்லாவிட்டாலும் மூடும், என் கையில் இருந்தது வியாழக்கிழமை ஒன்று.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் எக்ஸ்சேஞ்சிலிருந்து நேரே அச்சு ஷாப் வாசலுக்குப் போனேன், கைப்பையில் பிஸ்கட் டின், இன்னாசி டிபன் டப்பாவை மூடிவிட்டு வந்தார், குதிரைகளை எல்லாம் பெஞ்சில் கொட்டினோம், இதுல நல்லது எது, உள்ளதைச் சொல்லுங்க என்றேன், அவர் ஒவ்வொன்றாக எடுத்து மரப்பலகையில் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தார், கடைசியில் வெளுப்பு மரத்தை என் பக்கம் தள்ளினார், மச்சம் வைத்தது, ஒண்ணாம் நம்பர்தான் அண்ணி, அன்னைக்கும் இதான், இன்னைக்கும் இதான், மத்ததெல்லாம் அண்ணன் சொன்னாருன்னு செஞ்சது, அப்ப இத புதுசாக்கிக் குடுங்க, மெட்ராஸ்லேர்ந்து வந்த சீமை குதிரைன்னு சொல்லப் போறேன் என்றேன், இன்னாசி மச்சத்தைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார், அண்ணி, அவரு கையி மரம் அறியாது, ஆனா கண்ணு அறியும் என்றார், அறிஞ்சா அறியட்டும், நீங்க சுரண்டுங்க என்றேன், கண்ணாடிச் சில்லால் மேல் அழுக்கைச் சுரண்டினார், மச்சத்தின் மேல் மெழுகைத் தேய்த்தார், திருப்பி நடுக்காலின் அடியில் இருந்த அந்த ஊதாக் கோட்டை மூன்றே இழுப்பில் எடுத்தார், வெள்ளையாகிவிட்டது, ஊதிவிட்டுக் கையில் கொடுத்தார், நம்பர் இல்லாம ஒரு சாமான நான் வெளிய விட்டது இதான் மொத தடவை என்றார்.

வெள்ளிக்கிழமை அவர் வருவதற்குள் நான் பேஞ்சோவை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய சட்டப்படியே ஒவ்வொன்றாக நரம்பு மாற்றி, இரண்டு கோடு தெரிகிற சுத்தமான நைலானைப் போட்டு, கம்பியைக் கழற்றி, குதிரையை மாற்றி, அவர் பென்சிலால் தோலில் போட்டுவைத்திருந்த புள்ளிகளின் மேலேயே நிறுத்தி வைத்திருந்தேன், வந்து பார்த்தார், என்ன இது என்றார், எக்ஸ்சேஞ்ச்ல மெட்ராஸ் பொண்ணு ஒருத்தி இருக்கால்ல, அவகிட்ட சொல்லி வெச்சிருந்தேன், ஏதோ பழைய சாமான் கடையில கெடைச்சதாம், சீமைக் குதிரை, ஒரு தடவ வாசிச்சுப் பாருங்க, புடிக்கலன்னா ஒங்க கம்பி இருக்கவே இருக்கு என்றேன், பொய் சொல்லும்போது என் குரல் எக்ஸ்சேஞ்ச் குரலாகிவிடும், நேராக, வழவழப்பாக, அவர் உட்கார்ந்தார், கை கழுவவில்லை, விரலில் கரி, மேல் நரம்பை ஒரு தடவை மீட்டினார், நான் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன், வெயில் கண்ணில் அடித்தால் எப்படி இமை தானாக மூடும், அப்படி மூடினேன், அவர் நரம்பைப் பார்க்கவில்லை, குதிரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார், இன்னொரு தடவை மீட்டினார், எப்படி இருக்கு என்றார், பளிச்சுன்னு இருக்கு என்றேன், அப்படியா என்றார், இன்னொரு தடவை, இப்ப, பளிச்சுன்னு இருக்குங்க, காது கூசுது என்றேன், கொஞ்ச நேரம் குனிந்துகொண்டு அந்த வெள்ளைத் தோலை விரல் புறத்தால் தடவினார், பிறகு, ஆமா, இதான் சத்தம் என்றார், மாண்டலின் கம்பிப் பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தார், கொடி கட்டிக்க, துருப் பிடிக்காது என்றார்.

சனிக்கிழமை வாசித்தார், கூரை முழுக்கப் புளியங்கொட்டை, முன்வரிசையில் யாரோ குழந்தையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்கள், வாசித்து முடித்துவிட்டுக் கைதட்டலைப் பார்த்தார், கேட்டார் என்று சொல்ல மாட்டேன், பார்த்தார், பிறகு அவர் கண் வரிசை வரிசையாக வந்து என்னிடம் நின்றது, புருவத்தை மட்டும் தூக்கினார், நான் தலையை ஆட்டினேன், அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம், அவர் போகிறவரை, தினமும் ஆறு மணிக்கு, முதலில் மேல் நரம்பு, உடனே என் முகம், எப்படி இருக்கு, பளிச்சுன்னு இருக்கு, நான் அடுப்படியில் இருந்தாலும் வாசல்வரை வந்து சொல்லிவிட்டுப் போக வேண்டும், பன்னிரண்டாம் நம்பர் என்று ஒன்றை அவர் கேட்கவே இல்லை, போன வாரம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணசந்தபோது எக்ஸ்சேஞ்ச் வந்தது, போர்டு முழுக்க ஓட்டைகள், என் கையில் இருக்கிற கயிறுகள் எல்லாம் நைலான் நரம்பு, எந்த ஓட்டையில் செருகினாலும் அவர் குரல், எப்படி இருக்கு, எந்த ஊர்லேர்ந்து பேசறீங்க என்று கேட்கிறேன், லைனில் இரைச்சல், மேல் சத்தமே இல்லை, சொல்லுங்க, எந்த ஊர் என்கிறேன், பக்கத்து சீட்டில் இருக்கிற மெட்ராஸ் பெண், அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை, அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், விழித்துப் பார்த்தால் மின்விசிறி, கடிகாரம், குருவி கத்துகிறதா என்று ஜன்னலைப் பார்க்கிறேன், கழுத்தைச் சாய்த்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது, எனக்கும் எண்பத்தொன்று ஆகிறது.

மூன்று மணி, முறுக்காணியைத் திருப்புகிறேன், கடைசி நரம்பு தொய்கிறது, குதிரை ஒரு கணம் நின்றது, பிறகு பக்கவாட்டில் சாய்ந்து தோலின் மேல் விழுந்தது, சின்னதாக ஒரு டொக், பொத்தி வைக்கலாம் என்று எடுக்கப் போனேன், நடுக்கால் என் பக்கம் திரும்பிக் கிடந்தது, அடியில் ஏதோ ஊதாவாக, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன், ஒன்று, இன்னாசி போடுகிற ஒன்று வெறும் கோடு, அதை என் கண்முன்னால் சுரண்டி எடுத்தாயிற்று, இது அது இல்லை, இதற்கு மேலே மூக்கு இருக்கிறது, கீழே பாதம் இருக்கிறது, அப்படி ஒன்று போடுகிற ஆளை எனக்குத் தெரியும், முப்பத்தெட்டு வருஷம் மாதா மாதம் காலண்டரில் கேஸ் சிலிண்டர் மாற்றின தேதியை எழுதிய கை, மூக்கும் பாதமும் வைக்காமல் அவருக்கு ஒன்று வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மீன் கழுவின ஞாயிற்றுக்கிழமை, விழா முடிந்து மூன்றாவது வாரமா நான்காவதா, ஐந்து நரம்பையும் அவிழ்த்துவிட்டு, திறக்காத பவுடர் டப்பாவோடு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான், வேறு என்றைக்கும் எல்லாவற்றையும் அவிழ்த்ததில்லை, மச்சத்தைத் தேடியிருப்பார், மெழுகை நகத்தால் எடுத்துப் பார்த்திருப்பார், காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டிருப்பார், நான் உள்ளே போய் என்னங்க இது என்று கேட்டபோது அவருடைய நாக்கு ஊதாவாக இருந்திருக்கும், நான் மீன் ஞாபகத்தில் இருந்தேன், அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் ஆறு மணிக்கு என்னிடம் கேட்டார், நான் சொன்னேன், அவர் ஆமா என்றார், நம்பர் இல்லாமல் கிடந்ததற்கு நம்பர் போட்டு நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டார், என்னிடம் சொல்லவில்லை, நானும் அவரிடம் சொன்னதில்லை, கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

போன் அடிக்கிறது, இப்போதெல்லாம் அடிப்பது எனக்குக் கேட்பதில்லை, மேஜையில் நடுங்குவதைப் பார்த்து எடுப்பேன், ஷெர்லி, ஆன்ட்டி, லூஸ் பண்ணிட்டியா, பண்ணிட்டேன், குதிரை விழுந்துச்சா, விழுந்துச்சு, ஒடையலயே, ஒடையல, தனியாப் பஞ்சுல சுத்தி வைக்கிறேன், இங்க ஒரு மேன் கடை வெச்சிருக்கான் ஆன்ட்டி, ஸ்டீல் போட்டா சத்தம் நல்லா வரும்ங்கறான், போடவா, நான் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன், போடாத, கழுத்து போயிடும், நைலான் வாங்கு, வாங்கறதுக்கு முன்னாடி இழுத்துத் தட்டிப் பாரு, ரெண்டு கோடு தெரியணும், மூணு தெரிஞ்சா வாங்காத, குதிரையையும் மாத்தாத, இது ஒண்ணாம் நம்பர், சரி சரி, எப்படி இருக்கும் ஆன்ட்டி சத்தம், பளிச்சுன்னு இருக்குமா என்றாள், இந்தக் கேள்விக்கு என் வாய் தானாகத் திறக்கும், திறந்தது, மூடினேன், இல்லம்மா, மந்தமாத்தான் இருக்கும் என்றேன், கொஞ்சம் மந்தம், வெறும் வெரலால வாசிக்கிறதுக்கு அவ்வளவுதான் வரும், அதான் சரி, அவள் ஓகே ஆன்ட்டி என்றாள், லவ் யூ என்றாள், வைத்துவிட்டாள்.

பஞ்சு எடுத்து வந்தேன், சுற்றுவதற்கு முன்னால் வெள்ளைத் தோலில் அந்தப் பென்சில் புள்ளிகளின் மேல் ஒரு தடவை வைத்துப் பார்த்தேன், மேலே எதுவும் அழுத்தவில்லை, மின்விசிறியை நிறுத்திவிட்டு விரலை எடுத்தேன், மூன்று காலில் நிற்கிறது, வாசலில் பார்சல்காரர் எவ்வளவு நேரமாக மணி அடித்துக்கொண்டிருக்கிறாரோ தெரியவில்லை, கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டுகிறார், வரேன் இருங்க என்கிறேன், இன்னும் நிற்கிறது.